டெனர் குரலும் பாண்டும்: ‘எ லுச்செவான் லெ ஸ்தெல்லெ’ ஒத்திகையில் பிழைப்பவையும் திருத்தும் வழியும்

ஓபராப் பாட்டு ஒன்றை, குழல்களும் பித்தளை வாத்தியங்களும் ஊதுகிற பாண்டோடு சேர்த்து முதல் ஒத்திகை பார்த்த அன்று, மண்டபத்தைப் பூட்டிவிட்டு வெளியே வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: பாடுகிற பெடியன் சரியில்லை. குரல் காணாது, மூச்சுக் காணாது, தாளம் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் பாண்ட் ஒன்றுக்கும் தேவாலயப் பங்கு பாண்ட் ஒன்றுக்கும் இந்தப் பாட்டை நான் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் அந்தத் தீர்ப்பு பிழையாகத்தான் போனது. குறை தாளில், அதாவது வாத்தியக்காரருக்கு எழுதிக் கொடுத்த இசைக்குறிப்பில், இருந்தது. தாளைத் திருத்தியதும் அதே பெடியன், அதே குரல், கடைசி வரிசை வரை கேட்டது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு சிக்கலிலும் முதலில் தாளைப் பாருங்கள், பிறகு வாத்தியத்தைப் பாருங்கள், பாடுகிறவரிடம் கடைசியாக வாருங்கள்.

‘எ லுச்செவான் லெ ஸ்தெல்லெ’ (நட்சத்திரங்கள் மின்னின) என்ற இந்தப் பாட்டு, இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘டொஸ்கா’ ஓபராவின் மூன்றாம் அங்கத்தில், டெனர் என்கிற உயர்ந்த ஆண்குரலுக்கு வருவது. ஓபரா 1900 ஜனவரி 14 அன்று றோம் நகரின் கொஸ்தான்சி அரங்கில் முதன்முதல் மேடையேறியது. விடியப்போகிற நேரம். சந்த் ஆஞ்செலோ கோட்டையின் மேல்தளம். இன்னும் சற்று நேரத்தில் சுடப்படப்போகிற ஓவியன் கவரதோசி, காதலிக்குக் கடைசிக் கடிதம் எழுத உட்காருகிறான். எழுத முடியவில்லை, பழைய இரவொன்று நினைவில் வந்து நிற்கிறது. நட்சத்திரங்கள் மின்னின, மண் மணத்தது, தோட்டத்துப் படலை கிறீச்சிட்டது, மணலில் ஒரு காலடி உரசியது. பாடுகிறவருக்கு அர்த்தம் சொல்லும்போது ‘கதவு’ என்று சொல்லாதீர்கள், ‘படலை’ என்றே சொல்லுங்கள். இரவில் படலை திறக்கிற சத்தம் நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? மீதியை அவரே பிடித்துக்கொள்வார்.

பாண்டுக்கு இது ஏற்ற பாட்டு. மூன்று நிமிடம்தான். கோரஸ் தேவையில்லை. தொடக்கத்தில் மெட்டைச் சொல்வதே ஒரு கிளாரினெற். புச்சினி 1924இல் இறந்தார், பாடல் வரிகளை எழுதிய ஜியாகோசாவும் இல்லிக்காவும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். ஆக்கியவர் இறந்து 70 வருடம் என்ற நம் நாட்டுச் சட்டக் கணக்குப்படி மூலப் பாட்டில் யாருக்கும் உரிமை மிச்சமில்லை. ஆனால் இன்னொருவர் அண்மையில் பாண்டுக்கு எழுதி விற்கிற தாளைப் போட்டோக்கொப்பி அடிப்பது வேறு விஷயம். மூல ஸ்கோரிலிருந்து (முழு இசைக்குறிப்பிலிருந்து) நீங்களே எழுதுங்கள்.

சரி, சிக்கல்களுக்கு வருவோம்.

முதல் கோர்டிலேயே (பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற இடத்திலேயே) காது கூசுகிறது

யாரும் பிழையாக வாசிக்கவில்லை, ஆனால் எல்லாம் பிழையாகக் கேட்கிறது என்றால், தாள் அச்சடிக்கும்போது நடந்த தவறுதான். கிளாரினெற், சக்ஸ் போன்றவற்றில் தாளில் எழுதிய சுரம் ஒன்று, கேட்கிற சுரம் வேறொன்று. மியூஸ்ஸ்கோர் போன்ற இசை எழுதும் மென்பொருளில் ‘கொன்சேர்ட் பிச்’ என்ற பொத்தான் அமுக்கியபடி இருந்தால், எல்லா வாத்தியத்துக்கும் ஒரே சுரம்தான் தாளில் விழும். கிளாரினெற்காரர் அதை அப்படியே ஊதினால் ஒரு முழுச் சுரம் கீழே கேட்கும், அல்ரோ சக்ஸ் இன்னும் கீழே போய்விடும். பொத்தானை எடுத்துவிட்டு மறுபடி அச்சடியுங்கள்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். பாண்ட் முழுவதையும் பி ஃபிளாற் என்ற ஒரே சுரம் கேட்கும்படி ஊதச் சொல்லுங்கள். கிளாரினெற், ட்ரம்பெற், டெனர் சக்ஸ் காரரின் தாளில் அது சி. அல்ரோ சக்ஸுக்கு ஜி. ஹோர்னுக்கு எஃப். ஃபுளூட், ட்ரொம்போன், டியூபாவுக்கு பி ஃபிளாற்றேதான். யாருடையது ஒட்டவில்லையோ அவருடைய தாள் பிழை.

யூபோனியத்தை (சின்ன டியூபா போன்ற பித்தளை வாத்தியம்) தனியாகக் கவனியுங்கள். நம்முடைய பழைய பாண்டுகளில் பழகிய பலர் ட்ரெபிள் க்ளெஃப்பில் (வரியின் தொடக்கத்தில் உயர்ந்த சுரங்களுக்கு இடுகிற குறி) வாசிக்கப் பழகியவர்கள். மென்பொருளோ தானாக பேஸ் க்ளெஃப்பில் (தாழ்ந்த சுரங்களுக்கான குறி) அச்சடித்துத் தரும். வயதில் மூத்த ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பெட்டிக்குள் வைத்தால், அவருக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். க்ளெஃப்பைப் பாருங்கள்.

கிளாரினெற் சோலோ இடறுகிறது, சக்ஸ் வரிசை விரல் தேடுகிறது

பிள்ளைகளுக்குப் பயிற்சி காணாது என்று சொல்வதற்கு முன் சுருதியைப் பாருங்கள். மூலப் பாட்டு பி மைனரில் இருக்கிறது. வயலினுக்கு அது இலகு. நம்முடைய கிளாரினெற்றுக்கு அது சி ஷார்ப் மைனராகி 4 ஷார்ப் (சுரத்தை அரை ஏற்றும் குறி) வரும். அல்ரோ சக்ஸுக்கு ஜி ஷார்ப் மைனர், 5 ஷார்ப். புச்சினி அந்த சோலோவை ஏ கிளாரினெற்றுக்கு எழுதினார். அந்த வாத்தியத்தில் அது டி மைனர், ஒரே ஒரு ஃபிளாற் (சுரத்தை அரை இறக்கும் குறி). அவருடைய கிளாரினெற்காரருக்கு விரலுக்கு இதமாக இருந்த இடம், பி ஃபிளாற் கிளாரினெற் மட்டும் வைத்திருக்கிற நம் பிள்ளைகளுக்கு முள்ளாகிறது.

இரண்டு வழி உண்டு. அரைச்சுரம் ஏற்றி சி மைனரில் வைத்தால் கிளாரினெற் தாள் மறுபடி அதே டி மைனர் ஆகும், அல்ரோ சக்ஸுக்கு ஏ மைனர், ஷார்ப்பும் இல்லை ஃபிளாற்றும் இல்லை. பாண்டுக்குச் சொர்க்கம். ஆனால் மூலத்தில் மேல் ஏ வரை போகிற டெனர் இப்போது பி ஃபிளாற் வரை போக வேண்டும். அந்த ஒரு அரைச்சுரத்தில் குரல்கள் உடைவதைக் கண்டிருக்கிறேன்.

அரைச்சுரம் இறக்கி பி ஃபிளாற் மைனரில் வைப்பது இரண்டாம் வழி. கிளாரினெற்றுக்கு சி மைனர், 3 ஃபிளாற். அல்ரோ சக்ஸுக்கு ஜி மைனர், 2 ஃபிளாற். ஹோர்னுக்கு எஃப் மைனர், 4 ஃபிளாற். ஃபுளூட், ட்ரொம்போன், டியூபாவுக்கு 5 ஃபிளாற். ட்ரொம்போன்காரர் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார். ஃபுளூட் பிள்ளைகள் மட்டும் ஒரு கிழமை முணுமுணுப்பார்கள். பாடுகிறவருக்கு உச்சம் ஏ ஃபிளாற்றோடு நின்றுவிடும். நான் இரண்டு தடவையும் இதைத்தான் எடுத்தேன். வேறு பாண்டுக்கு எழுதினாலும் இதைத்தான் எடுப்பேன். தொழில்முறை டெனர் ஒருவர் வந்து மூலச் சுருதியில்தான் பாடுவேன் என்றால் அது வேறு கதை.

எந்தச் சுருதி என்பதை எழுதத் தொடங்கும் முன்பே, பாடுகிறவரை கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி முடிவு செய்யுங்கள். அதுவும் பின்னேரம், அவர் வேலையால் வந்து களைத்திருக்கும் நேரத்தில். மேடையில் அவருக்குக் கிடைக்கப்போவது அந்தக் குரல்தான்.

வாய் அசைகிறது, குரல் கேட்கவில்லை

எல்லாச் சிக்கலுக்கும் தாய் இதுதான், ஆகவே சற்று நின்று பேச வேண்டும்.

பாட்டின் முதற்பாதியில் டெனர் மெட்டுப் பாடுவதில்லை. மெட்டு கிளாரினெற்றிடம் இருக்கிறது. அவர் ஏறக்குறைய ஒரே சுரத்தில், தனக்குத்தானே பேசுகிற மாதிரி, சொற்களை வைத்துக்கொண்டு போகிறார். ‘ஓ தோல்ச்சி பாச்சி’ (ஓ இனிய முத்தங்களே) என்ற இடத்தில்தான் மெட்டைத் தன் வாயில் எடுக்கிறார். அதுவரை கிளாரினெற் நினைத்ததை இப்போது மனிதன் சொல்கிறான். பாட்டின் உயிர் அந்த மாற்றத்தில் இருக்கிறது. முதற்பாதியில் குரல் மூழ்கினால் இரண்டாம் பாதியில் என்ன செய்தாலும் பயனில்லை.

ஏன் மூழ்குகிறது? யூபோனியம், டெனர் சக்ஸ், ட்ரொம்போன், ஹோர்ன் எல்லாம் குடியிருப்பது டெனர் குரல் நிற்கிற அதே ஸ்தாயியில். ஆர்கெஸ்ட்ராவில் அந்த இடத்தை வயோலாக்களும் செலோக்களும் நிரப்புகின்றன. நரம்பு வாத்தியக் கூட்டத்தின் ஒலிச் சத்து பெரும்பாலும் 500 ஹேர்ட்ஸ் பக்கத்தில் குவிந்திருக்கும். பயின்ற டெனரின் குரலில் 3000 ஹேர்ட்ஸை அண்டி ஒரு தனி மினுக்கம் இருக்கும், அதனால் மைக் இல்லாமலே ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிப் போவார். ஆனால் ட்ரம்பெற்றும் ட்ரொம்போனும் உரத்து ஊதினால் சத்தம் மட்டும் கூடாது, மேல் அதிர்வுகளும் கூடி அந்த மினுக்கத்தின் இடத்தையே அடைத்துவிடும். அப்புறம் பாடுகிறவர் கத்தினாலும் வழி கிடைக்காது. கத்தத் தொடங்கினால் தொண்டைதான் போகும்.

நான் முதல் தடவை செய்த பிழையைச் சொல்கிறேன். பாண்டில் 33 பேர். ஒருவரும் மனம் நோகக் கூடாது என்று எல்லாருக்கும் எல்லா பாரிலும் (தாளக் கட்டத்திலும்) ஏதோ ஒன்று எழுதினேன். வயோலா வரியை டெனர் சக்ஸுக்கும், செலோ வரியை யூபோனியத்துக்கும் அப்படியே மாற்றி வைத்தேன். ‘மெதுவாக ஊதவும்’ என்று ஒவ்வொரு தாளிலும் சிவப்புப் பேனையால் குறித்தேன். 33 பேர் மெதுவாக ஊதினாலும் 33 பேர்தான்.

இரண்டாம் தடவை முதற்பாதியில் 10 பேரை மட்டும் விட்டேன்: சோலோ கிளாரினெற் ஒன்று, தாழ்ந்த ஸ்தாயியில் கோர்ட் பிடிக்க 4 கிளாரினெற், 2 ஃபுளூட், 2 ஹோர்ன், அடியில் டியூபா ஒன்று. கிளாரினெற்றின் தாழ் ஸ்தாயி இருண்ட நிறம் உள்ளது. குரலுக்குப் பின்னால் திரைச்சீலை மாதிரி நிற்கும், முன்னால் வராது. டியூபா ஒவ்வொரு பாருக்கும் ஒரு சுரம், அதையும் முழு நீளம் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும்.

மற்ற 23 பேர்? ஒத்திகையில் எங்கள் யூபோனியம் அண்ணை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாஸ்ரர், நான் பாதிப் பாட்டுக்குச் சும்மா இருக்கவோ?”

“ஓம் அண்ணை. நீங்கள் பேசாமல் இருந்தால்தான் இவனுக்கு வழி கிடைக்கும்.”

அவர் தலையசைத்தார், ஆனால் முகம் வாடிவிட்டது. இரவு வீட்டுக்குப் போய் அவருக்கு ஒரு வரி எழுதினேன். குரல் மெட்டை எடுத்துச் சென்று மூச்சு விடுகிற இடத்தில், அடியிலிருந்து படியிறங்கி வருகிற நான்கு சுரம். அவர் மட்டும். அடுத்த ஒத்திகையில் அந்த நான்கு சுரத்தையும் அவர் ஊதியபோது பாடுகிறவர் திரும்பிப் பார்த்தார். கச்சேரி முடிந்து ஆட்கள் என்னிடம் வந்து கேட்டது அந்த நான்கு சுரத்தைப் பற்றித்தான். ஒருவரைச் சும்மா இருக்கச் சொன்னால், அவருக்கென்று ஒரு இடத்தையும் தேடிக் கொடுங்கள்.

ட்ரம்பெற் தேவைப்படுகிற இடத்தில் மியூற் (ஒலியை அடக்கும் அடைப்பு) இல்லை என்றால், வாத்தியத்தின் வாயை நோட்ஸ் ஸ்ராண்டுக்கு நேரே இறக்கி, தாளுக்குள் ஊதச் சொல்லுங்கள். செலவில்லாத வழி. வெளிநாட்டு பாண்ட்களும் செய்வதுதான்.

இன்னும் சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மண்டபத்தின் கடைசிக் கதிரையில் பாட்டுத் தெரியாத ஒருவரை இருத்தி, கேட்கிற சொற்களை எழுதச் சொல்லுங்கள். இத்தாலியன் தெரியவேண்டியதில்லை, காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதினால் போதும். எந்த பாரில் எழுத்து நின்றுபோகிறதோ, அந்த பாரில் இரண்டு வாத்தியத்தை அழியுங்கள். மறுபடி பாடவையுங்கள். தேவை என்றால் இன்னும் இரண்டு.

உச்சத்தில் குரலும் பாண்டும் இரண்டாகக் கேட்கின்றன

இரண்டாம் பாதியில் குரலின் மெட்டை பாண்டும் சேர்ந்து ஊத வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். புச்சினியே குரலின் மெட்டை வயலின்களுக்கும் கொடுத்து ஸ்தாயிகளில் அடுக்குகிறவர். ஆனால் டெனரின் அதே ஸ்தாயியில் ட்ரம்பெற்றோ யூபோனியமோ ஒட்டி ஊதினால், அவர் ஒரு சொல்லைக் கால்வாசி தாமதித்தாலும் பிளவு வெளியே தெரியும். வயலின் கூட்டத்தில் பல வில்கள் சேர்ந்து ஓரத்தை மழுக்கிவிடும். ஒற்றை ட்ரம்பெற் கத்தி மாதிரி.

ஆகவே மெட்டைக் குரலுக்கு மேல் ஒரு ஸ்தாயியில் ஃபுளூட்டுக்கும் முதல் கிளாரினெற்றுக்கும் கொடுங்கள். கீழ் ஸ்தாயியில் ஒரு டெனர் சக்ஸ், அதுவும் ஒருவர் மட்டும். நடுவில் குரல் தனியாக நிற்கட்டும். பித்தளை வாத்தியங்கள் கோர்ட் மட்டும் பிடிக்கட்டும். உச்சச் சுரத்துக்கு முந்திய பாரில் ஏறி, குரல் உச்சத்தைத் தொட்டதும் அவர்கள் இறங்க வேண்டும். ஏறுவதை எல்லாரும் எழுதுவார்கள். இறங்குவதையும் எழுதுங்கள்.

அவர் நீட்டுகிறார், பாண்ட் ஓடிவிடுகிறது

அணிநடைப் பழக்கம். நம் பாண்டுகளில் பெரும்பாலானவை விளையாட்டுப் போட்டிக்கும் ஊர்வலத்துக்கும் வாசித்து வளர்ந்தவை. நிமிடத்துக்கு 120 அடி காலில் ஊறியிருக்கும். இந்தப் பாட்டிலோ ஒரே வேகத்தில் தொடர்ந்து மூன்று பார் கிடையாது. மேலே எழுதியிருப்பது ‘அந்தாந்தே லெந்தோ அப்பாசியோனாதோ மோல்தோ’. மெதுவாக, மிகுந்த உணர்ச்சியோடு என்று அர்த்தம். எண்ணிக்கொண்டு இருந்தால் அது வராது.

முதல் வேலை, சைட் ட்ரம்மைப் பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். காலால் தட்டுகிறவர்களின் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன், அது நன்றாக வேலை செய்தது. இரண்டாவது, பாடல் வரியை எல்லாருடைய தாளிலும் சின்ன எழுத்தில், சுரங்களுக்கு மேல் அச்சடியுங்கள். தமிழ் எழுத்திலேயே போடுங்கள். ட்ரொம்போன்காரர் “நாலாவது அடியில் மாறவேண்டும்” என்று நினைப்பதை விட்டுவிட்டு “வீதா (வாழ்க்கை) என்ற சொல் முடிய மாறவேண்டும்” என்று நினைக்கத் தொடங்குவார். கை காட்டுகிறவரின் வேலை அதற்குப் பிறகு பாதியாகிவிடும்.

மூன்றாவது, நீட்டுகிற சுரத்துக்குப் பிறகு எல்லாரையும் ஒன்றாகத் தொடங்கவைக்காதீர்கள். டியூபாவும் ஒரு கிளாரினெற்றும் முதலில் வரட்டும், மற்றவர்கள் அடுத்த அடியில் சேரட்டும். 33 பேர் ஒரே கணத்தில் இறங்குவதைவிட 2 பேர் இறங்குவது எவ்வளவோ இலகு.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல உவமை கையில் இருக்கிறது. கோயில் வீதியில் நாதஸ்வரக்காரர் ஆலாபனை செய்யும்போது தவில்காரர் என்ன செய்கிறார்? தாளம் எண்ணிக்கொண்டு ஓடுவதில்லை, நாதஸ்வரத்தைக் கேட்டு, அது விடுகிற இடத்தில் வாசிக்கிறார். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்குகிறது.

நீண்ட கோர்டில் ஓட்டை விழுகிறது

வில்லுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, மனிதருக்குத் தேவை. எல்லாரும் பார் முடிவில் சேர்ந்து மூச்சு வாங்குவதால் ஓட்டை. முதல் கிளாரினெற்றுக்கு மூன்றாம் பாரின் நடுவில், இரண்டாவதற்கு நான்காம் பாரில் என்று மூச்சுக் குறியைத் தாளிலேயே மாற்றி மாற்றிப் போடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

மண்டபத்தில் சரியாக இருந்த சுருதி முற்றவெளியில் பிசகுகிறது

வெளியரங்கில் வெக்கையான பின்னேரம் என்றால் இது வந்தே தீரும். ஒலி 20 பாகை செல்சியஸ் காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் ஓடும், 32 பாகையில் 350 மீற்றரைத் தாண்டிவிடும். குழாயின் நீளம் அதேதான், ஒலி விரைவாகிறது, ஆகவே சுருதி ஏறுகிறது. பாண்ட் முழுக்க ஒன்றாக ஏறினால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஹார்ப்புக்குப் பதிலாகவோ இடைவெளி நிரப்பவோ கீபோர்ட் வைத்திருந்தால், அது மட்டும் 440 ஹேர்ட்ஸ் சுருதியில் அசையாமல் நிற்கும். பாடுகிறவர் நடுவில் அகப்பட்டுக்கொள்வார். பாண்டைக் கேட்டுப் பாடினால் கீபோர்ட்டுக்குப் பிழை, கீபோர்ட்டைக் கேட்டால் பாண்டுக்குப் பிழை. கேட்கிறவர்கள் சொல்வது என்னவோ “பெடியனுக்குச் சுருதி இல்லை” என்பதுதான்.

பாண்ட் வெளியில் 15 நிமிடம் ஊதிச் சூடான பிறகு சுருதி பாருங்கள், அதற்கு முன் பார்ப்பது வீண். பிறகு கீபோர்ட்டின் சுருதியை பாண்டுக்கு ஏற்றபடி உயர்த்துங்கள். பெரும்பாலான கீபோர்ட்டுகளில் அந்த வசதி மெனுவுக்குள் இருக்கும். எங்களுக்கு ஒரு பின்னேரம் 443 வரை போகவேண்டி வந்தது.

வெக்கையோடு சேராத இன்னொரு பிசகும் இருக்கிறது, அது மண்டபத்திலும் வரும். மெதுவாக ஊதும்போது கிளாரினெற்றின் சுருதி ஏறும், ஃபுளூட்டின் சுருதி இறங்கும். பாட்டின் தொடக்கமோ மிக மெதுவானது. கிளாரினெற் சோலோவும், அடியில் கோர்ட் பிடித்த 2 ஃபுளூட்டும் ஒன்றையொன்று விட்டு விலகிப்போவதை நான் மூன்று ஒத்திகையாகப் பிள்ளைகளின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு ஃபுளூட்டையும் தாளிலிருந்து எடுத்தேன். முதற்பாதி 8 பேரானது. சுருதி சேர்ந்தது. சோலோ வாசித்த பிள்ளை வாத்தியத்தின் பரலை (வாய்த்துண்டுக்கு அடுத்த சிறு குழாயை) மயிரளவு வெளியே இழுத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

முற்றவெளிக்கு இன்னொன்று: பண்ணைக் கடற்பக்கக் காற்று தாளை அள்ளிக்கொண்டு போகும். ஒரு ஸ்ராண்டுக்கு நான்கு உடுப்புக் கிளிப் கணக்கில் வாங்கி வையுங்கள்.

குரல் நல்லது, ஆனால் பாட்டு வேறொன்றாகக் கேட்கிறது

இப்போதுதான் பாடுகிறவரிடம் வருகிறோம். இங்கே டெனராக நமக்குக் கிடைக்கிறவர்கள் இரண்டு வகை. தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர், கர்நாடக சங்கீதம் படித்தவர். குருநகர், பாசையூர்ப் பக்கம் போனால் மூன்றாவதாகவும் ஒருவர் கிடைக்கலாம்: நாட்டுக்கூத்தில் மைக் இல்லாமல் விடிய விடியப் பாடிய தொண்டை. என் மனதுக்கு இந்தப் பாட்டுக்கு மிக ஏற்றவர் அவர்தான். சாகப்போகிறவன் பாடுகிற பாட்டைக் கூத்துக்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

கர்நாடகம் படித்தவருக்கு மைனர் ஸ்கேலின் இயற்கை வடிவத்தை நடபைரவி என்று சொல்லிவிடுங்கள், பிடித்துவிடுவார். ஆனால் கமகம் கூடாது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவதை இந்தப் பாட்டு சில இடங்களில் கேட்கிறது, ஆட்டத்தை ஓரிடத்திலும் கேட்பதில்லை. நீண்ட சுரத்தில் அவர் குரலை அசைக்கத் தொடங்கினால், “தம்பி, நேரே பிடியும், கிளாரினெற் உம்மோடு சேர முடியாமல் நிற்குது” என்று சொன்னால் போதும்.

உச்சரிப்பில் தமிழ் வாய்க்குப் பெரிய அனுகூலம் இருக்கிறது, அதை ஆங்கில எழுத்து கெடுத்துவிடுகிறது. ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘டான்டோ லா வீட்டா’ என்று வாய் போகும். இத்தாலிய ‘த’ நம்முடைய ‘த’ போலப் பல்லில் பட வேண்டியது: ‘தாந்தோ லா வீதா’. கூடவே காற்றும் வராது. ‘ஸ்தெல்லெ’, ‘பெல்லெ’ என்ற சொற்களில் லகரம் இரட்டிப்பதை ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் பழகவேண்டும். ‘வெல்லம்’ சொல்கிற வாய்க்கு அது முதல் நாளே வரும். சில இடங்களில் தமிழ் எழுத்து நம்மை ஏமாற்றும். ‘தாந்தோ’, ‘வீதா’ என்பவற்றில் நடுவில் வருகிற ‘த’வும் ‘தம்பி’யின் ‘த’ போல வன்மையாகவே வர வேண்டும். ‘பாச்சி’ என்று நாம் எழுதுவதால் ச் இரட்டிக்கிறது. அங்கே ‘பா’வை நீட்டி, ‘ச்சி’யை ஒற்றையாகத் தொட்டு விட வேண்டும். பாடுகிறவரின் தாளில் அந்த எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

ஸ்பீக்கரில் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறது

சவுண்ட் தம்பி எக்கோவைத் திறந்து வைத்திருக்கிறார். நிறுத்தச் சொல்லுங்கள். பாண்டுக்கு மைக்கே வேண்டாம், குரலுக்கு மட்டும் ஒன்று. பாடுகிறவர் ட்ரொம்போன்களுக்கு முன்னால் நின்றால் அவருடைய மைக் ட்ரொம்போனைத்தான் பிடிக்கும். அவரைக் கிளாரினெற் பக்கம் நிறுத்துங்கள். அந்தப் பாட்டில் அவருடைய சோடியே கிளாரினெற்தான்.

கடைசிச் சொல் கைதட்டலில் அல்லது ட்ரம்மில் போய்விடுகிறது

ஓபராவின் கடைசியில், டொஸ்கா கோட்டை மதிலிலிருந்து குதிக்கும்போது, இதே மெட்டு ஆர்கெஸ்ட்ரா முழுவதும் முழங்க வருகிறது. ஒலிப்பதிவுகளில் அதைக் கேட்டுப் பழகியவர்கள் அந்த முழக்கத்தை இந்தப் பாட்டின் முடிவிலும் வைக்க ஆசைப்படுகிறார்கள். நானும் ஆசைப்பட்டு, சிம்பலும் பெரிய ட்ரம்மும் எழுதினேன். அந்தக் கணத்தில் கவரதோசி சொல்வது, வாழ்க்கையை நான் ஒருபோதும் இவ்வளவு நேசித்ததில்லை என்று. சொல்லி முடிக்க முன் சிம்பல் விழுந்தது.

இப்போது என் தாளில் சிம்பல் இல்லை. ‘வீதா’ என்ற சொல்லின் கடைசி உயிரெழுத்து முழுதாக முடியும் வரை பாண்ட் கோர்டை மாற்றுவதில்லை. அதன் பிறகுதான் பித்தளைகள் திறக்கின்றன. திறந்த உடனே இறங்கத் தொடங்குகின்றன. பெரிய ட்ரம்முக்கு ஒரே ஒரு அடி, அதுவும் பஞ்சுக் கோலால், கேட்பதைவிட நெஞ்சில் உணரும்படி. கடைசியில் மிஞ்சுவது 4 கிளாரினெற்றும் டியூபாவும்.

கை காட்டுகிறவர் சத்தம் நின்றதும் கையை இறக்கக் கூடாது. இறக்கினால் அந்தக் கணமே கைதட்டுவார்கள். ஒத்திகையிலேயே இதைப் பழகுங்கள். கை மேலே நிற்கட்டும், வாத்தியங்கள் வாயிலேயே இருக்கட்டும், மண்டபத்து ஃபான் சுற்றுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்கும் வரை. அது கேட்ட பிறகு கையை இறக்குங்கள்.